தொப்பியைக் கையில் எடு... அடி அண்ணாமலை வந்துடுச்சு!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. வருண லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு நடப்பவர்கள் அடி அண்ணாமலை கிராமத்துக்குள் நுழைகிறார்கள். மொத்தம் 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய பாதி முடிந்துவிட்டது. கால் வலிக்கத் தொடங்கும் இடம் இது. டீக்கடைக்கும் சுண்டல் வண்டிக்கும் நல்ல வியாபாரம் நடக்கும் இடமும் இதுதான்.

பாதையோரம் விரித்த தார்ப்பாயில் உருத்திராட்ச மாலை, சாவிக்கொத்து, பிளாஸ்டிக் வேல் எல்லாம் பரப்பியிருக்கிறது. பக்கத்துக் கம்பியில் வரிசையாகத் தொப்பிகள் தொங்குகின்றன. கிரிக்கெட் அணிகளின் பெயர் போட்ட கேப், பூனைக் காது வைத்த கம்பளிக் குல்லா, மார்கழிப் பனிக்குக் காதையும் கழுத்தையும் மூடும் குரங்குக் குல்லா... பிள்ளைகள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட ஒரு பையன் தாத்தாவின் கையைப் பிடித்தபடி வருகிறான். ஆதி அருணாசலேசுவரர் கோயில் வாசல் வருகிறது. தாத்தா தன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார்.

"டேய், தொப்பியைக் கழட்டுடா."

"ஏன் தாத்தா?"

"கோயிலுக்குள்ள போறோம்ல?"

"தொப்பி போட்டா சாமி கோச்சுக்குமா?"

தாத்தா பதில் சொல்லவில்லை. கூட்டம் இருவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ஆனால் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடினால் மதுரை, அமெரிக்கா எல்லாம் சுற்றிவிட்டு மறுபடியும் இந்த மலையடிவாரத்துக்கே வரவேண்டியிருக்கிறது.

மலைக்கு மேற்கே ஒரு கிராமம்

அண்ணாமலையின் கிழக்கே ஊரும் பெரிய கோயிலும் ராஜகோபுரமும் இருக்கின்றன. மேற்கு அடிவாரத்தில் இருப்பது அடி அண்ணாமலை. 'ஆதி அண்ணாமலை' என்றும் சொல்வார்கள். இங்கே உள்ள லிங்கத்தைப் பிரம்மா வழிபட்டதாகத் தலபுராணம். பெரிய கோயிலின் நெரிசல் இங்கே கிடையாது. நின்று நிதானமாகக் கும்பிடலாம்.

கோயிலைத் தாண்டினால் ஊர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பகலில் வந்தால் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிலத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கலாம். புல்லுக்கட்டோ தண்ணீர்க் குடமோ சுமக்கும் பெண்கள், புடவைத் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டியிருப்பார்கள். இங்கே தலையில் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. ஒன்று வெயிலுக்கு, இன்னொன்று சுமைக்கு.

இந்தக் கிராமத்தில் மாணிக்கவாசகருக்கும் கோயில் உண்டு. மார்கழியில் வீதிதோறும் ஒலிக்கும் திருவெம்பாவையை அவர் அண்ணாமலையில்தான் பாடினார் என்பது மரபு. அவர் பிறந்தது மதுரைக்குப் பக்கத்தில் திருவாதவூரில். பாண்டிய மன்னனுக்கு அமைச்சர். 'தென்னவன் பிரமராயன்' என்ற பட்டம் பெற்றவர். குதிரை வாங்கக் கஜானாப் பணத்தோடு போனவர், திருப்பெருந்துறையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கோயில்களில் அவர் சிலையைக் கவனித்துப் பாருங்கள். கையில் சுவடி இருக்கும், இடுப்பில் கோவணம் இருக்கும். அமைச்சருக்கு உரிய தலைப்பாகை இருக்காது.

மதுரையிலிருந்து வந்து, தலையில் இருந்ததை விட்ட இன்னொருவரும் இந்தப் பாதையில் நடந்திருக்கிறார். அவருக்கு அப்போது வயது 16.

அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பையன்

1896-ம் ஆண்டு. மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. 1834-லேயே மதுரைக்கு வந்துவிட்ட அமெரிக்கப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளிக்கூடம் அது. அங்கே படித்துக்கொண்டிருந்தான் வேங்கடராமன் என்ற பையன். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

அந்தப் பள்ளியை நடத்தியவர்களின் சொந்த நாட்டில் அதே வயதுப் பையன்கள் தலையில் என்ன போட்டிருந்தார்கள்? கேட்டால் வியப்பாக இருக்கும். 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெறும் தலையோடு தெருவில் இறங்குவது பையன்களுக்கு மரியாதைக் குறைவு. செல்லமாக வளர்ந்த சின்னப் பிள்ளைக்கு ரிப்பன் கட்டிய மாலுமித் தொப்பி. கொஞ்சம் வளர்ந்தவனுக்குக் கோடையில் தட்டையான வைக்கோல் தொப்பி. தெருவில் செய்தித்தாள் விற்கும் ஏழைப் பையனுக்குக் கசங்கிய துணித் தொப்பி. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது சிப்பாய்கள் போட்ட, முன்பக்கம் சரிந்த 'கெப்பி' தொப்பியைப் போலவே பிள்ளைகளும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கு நம் பையன்கள் கிரிக்கெட் அணியின் கேப் கேட்பதுபோலத்தான்.

தொப்பியைப் பார்த்தே வயது என்ன, வீட்டில் வசதி எப்படி, அப்பாவுக்கு என்ன வேலை என்றெல்லாம் கணக்குப் போட்டுவிடலாம். எந்த மாதத்தில் எதைப் போடுவது என்பதற்குக்கூடச் சட்டம் போல ஒரு வழக்கம் இருந்தது. செப்டம்பர் 15-க்கு மேல் வைக்கோல் தொப்பி போடக்கூடாது. இந்த வழக்கம் முற்றிப்போய், 1922-ல் நியூயார்க்கில் வாலிபர் கூட்டம் வழியில் போகிறவர்களின் வைக்கோல் தொப்பிகளைப் பிடுங்கி மிதித்துக் கலவரமே நடந்தது.

தொப்பிக்குப் பின்னால் கண்ணீரும் இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊரே தொப்பி செய்து பிழைத்த ஊர். விலங்கு ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் கலந்த திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும். 'டான்பரி நடுக்கம்' என்றே அதற்குப் பெயர். தொப்பித் தொழிலில் பாதரசத்தை அமெரிக்கா நிறுத்தியது 1941-ல்தான்.

அம்மாக்களின் ஆசையும் அந்தத் தலைகளில் விளையாடியது. பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் என்ற பெண் எழுத்தாளர் 1886-ல் 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்' என்ற கதைப் புத்தகத்தை வெளியிட்டார. படங்களில் வந்த பையனுக்கு வெல்வெட் சட்டை, சரிகைக் காலர், தோள்வரை சுருள் முடி. அவ்வளவுதான், அமெரிக்க அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளையும் அப்படியே சிங்காரிக்க ஆரம்பித்தார்கள். வெளியே போனால் மற்ற பையன்கள் கேலி செய்வார்கள். அந்தச் சுருள் முடி எப்போது வெட்டுப்படும் என்று காத்திருந்த பையன்கள் ஏராளம்.

குடுமியும் தலைப்பாகையும்

அப்போது நம் ஊர்ப் பையன்கள்?

இங்கே தொப்பியைவிட முடிக்குத்தான் சட்டதிட்டம் அதிகம். முன்தலையைச் சிரைத்து, பின்னால் குடுமி. குடுமி வைப்பதற்கென்றே சடங்கு உண்டு. அதைப் பார்த்துக் குழம்பியவர்கள் பாதிரிமார்கள். மதம் மாறியவர் குடுமி வைத்துக்கொள்ளலாமா, அது மதச் சின்னமா, வெறும் வழக்கமா என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், 1867-ல் குடுமியைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார்.

வெளியே கிளம்பும்போது குடுமிக்கு மேல் தலைப்பாகையோ குல்லாவோ ஏறும். அந்தக் காலத்துப் பள்ளி, கல்லூரிப் புகைப்படங்களில் கோட்டும் தலைப்பாகையுமாக விறைத்து நிற்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரத் துரைமார்களின் 'சோலா தொப்பி' நம் குளங்களிலும் வளரும் நெட்டியில் செய்தது. தஞ்சாவூரில் கோயில் மாதிரியும் தேர் மாதிரியும் செய்கிறார்களே, அதே வகை நெட்டிதான்.

வேங்கடராமனைவிட மூன்று வயது இளையவர் பாரதியார். அவர் காசிக்குப் போய்க் குடுமியை எடுத்துவிட்டு மீசையும் முண்டாசும் வைத்துக்கொண்டார். அந்த முண்டாசு இன்றைக்கும் பள்ளி ஆண்டு விழாக்களில் மாறுவேடப் போட்டிக்கு வருகிறது. விவேகானந்தர் 1893-ல் சிகாகோ போனார். அங்கே நடந்த உலகக் கண்காட்சியில் ஒருவர் பின்னாலிருந்து அவருடைய தலைப்பாகையைப் பிடித்து இழுத்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் இழுத்தவர் நன்றாக உடுத்திய கனவான். விவேகானந்தர் ஆங்கிலத்தில் பேசியதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஆளாளுக்குத் தொப்பி போட்ட ஊரில் ஒரு தலைப்பாகை வேடிக்கைப் பொருளாகிவிட்டது.

அய்யங்குளத்தில் விழுந்த குடுமி

1896 ஆகஸ்ட் 29. மதுரை வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு வேங்கடராமன் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டான். ரயில், நடை, மறுபடியும் ரயில். வழியில் கீழூரில் காதில் கிடந்த சிவப்புக்கல் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனான்.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது யாரோ ஒருவர், குடுமியை எடுக்க வேண்டுமா என்று கேட்டார். பையன் சரி என்று தலையாட்டினான். அய்யங்குளத்துக்கு அழைத்துப் போனார்கள். நாவிதர் கத்தியில் குடுமி இறங்கியது. பிறகு பூணூலைக் கழற்றினான். மிச்சம் இருந்த பணத்தை எறிந்தான். கீழூரில் கொடுத்து அனுப்பியிருந்த பலகாரப் பொட்டலத்தையும் குளத்தில் போட்டான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டான். முடி எடுத்தால் குளிக்க வேண்டும் அல்லவா? அவன் குளிக்கவில்லை. கோயிலுக்குத் திரும்பும்போது திடீரென்று மழை கொட்டி, அவன் நனைந்துபோனான் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், ஒரு குழந்தையின் தலைமுடி யாருடையது என்று. எண்ணெய் வைப்பதும் சிக்கு எடுப்பதும் அம்மா. முதல் மொட்டை போட மடியில் உட்கார வைப்பது தாய்மாமன். அந்தத் தலையை யாரையும் கேட்காமல் ஒரு பையன் ஊர் தெரியாத இடத்தில் கொடுத்துவிட்டான்.

அம்மா அழகம்மாள் மகனைக் கண்டுபிடித்து வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. 1898 டிசம்பரில் மூத்த மகனை அழைத்துக்கொண்டு அவர் பவழக்குன்று ஏறினார். எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத் தலையெல்லாம் சடை. உடம்பெல்லாம் அழுக்கு. நகம் வளர்ந்து சுருண்டிருந்தது. ஆனாலும் பெற்றவள் அடையாளம் கண்டுகொண்டார். வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் கெஞ்சினார், அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. கூட இருந்தவர் வற்புறுத்தியபோது, நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மா வெறுங்கையோடு திரும்பினார்.

கதை அங்கே முடியவில்லை. 1916-ல் அழகம்மாள் மகனோடு தங்குவதற்கே திருவண்ணாமலை வந்துவிட்டார். 1922 மே 19-ல் அவர் மறைந்தார். அவருடைய சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் ரமணாசிரமம். கிரிவலம் வருகிறவர்கள் அடி அண்ணாமலைக்கு முன்னாலேயே அதைக் கடந்துதான் வருகிறார்கள். ரமணரும் 1926 வரை இந்தப் பாதையில் மலையைச் சுற்றி நடந்தவர்.

இன்னொரு ஒற்றுமை. அந்தப் பையன் மதுரையை விட்டுக் கிளம்பி 25 வருஷம் கழித்து, 1921 செப்டம்பர் 22-ல், அதே மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் விட்டு முழத்துண்டுக்கு மாறினார். நாடு முழுக்க 'காந்தி குல்லா' பரவிக்கொண்டிருந்தபோது காந்தியின் தலையில் குல்லா இல்லை.

கட்டுவது யார், அவிழ்ப்பது யார்?

அப்படியென்றால் தலைப்பாகை தவறா? இல்லவே இல்லை.

கோயிலில் ஒருவருக்கு மரியாதை செய்வது என்றால் பரிவட்டம்தான் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் அப்பா இறந்தால் கருமாதி அன்று மகனுக்குத் தலைப்பா கட்டும் வழக்கம் உண்டு. தாய்மாமனோ பங்காளியோ புதுத்துண்டை எடுத்து மொட்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். பத்து வயதுப் பையனாக இருந்தாலும் கட்டுவார்கள். இனி இந்த வீட்டுக்கு நீதான் என்று அதற்கு அர்த்தம். அந்தத் துண்டின் கனம் கட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

திருவண்ணாமலையில் இறைவனே அப்படி ஒரு மகனாகியிருக்கிறார். 14-ம் நூற்றாண்டில் இந்த ஊரிலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளன். பிள்ளை இல்லாத அவருக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது தலபுராணம். இன்றும் ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரையில் அண்ணாமலையார் எழுந்தருளி, வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. தலையில் முண்டாசு கட்டவும் தோளில் துண்டு போடவும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள் இந்த மண்ணில் உண்டு. பெரிய வீட்டு ஆள் எதிரே வந்தால் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சாமி ஊர்வலத்தில் நாகசுரம் வாசித்த கலைஞர்கள்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்த காலம் இருந்தது. அதை எதிர்த்துத் தோளில் துண்டு போட்டு நடந்ததே ஒரு போராட்டம். சுயமரியாதை இயக்கம் அதை ஊர் ஊராக எடுத்துப் போனது.

ஒருவரை மிரட்டி அவிழ்க்க வைப்பது அவமானம். அய்யங்குளத்துப் பையனை யாரும் மிரட்டவில்லை, அவனே இறக்கி வைத்தான். தலைப்பாகையை யார் வேண்டுமானாலும் நமக்குக் கட்டிவிடலாம். ஆனால் அதை இறக்கும் கை நம்முடையதாக இருக்க வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அமெரிக்கப் பையன்களும் தேவாலயத்துக்குள் போகும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். அங்கே வைக்கோல் தொப்பி, இங்கே துண்டு.

மறுபடியும் பாதையில்

தரிசனம் முடிந்து தாத்தாவும் பேரனும் வெளியே வருகிறார்கள். இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு. பக்கத்தில் புதிதாக மொட்டை போட்ட ஒரு குழந்தை, சந்தனம் பூசிய தலையோடு அம்மா தோளில் தூங்குகிறது. எதிர்ப்பக்கம் காவி கட்டிய ஒரு வெளிநாட்டுக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். 2,668 அடி மலை நிலா வெளிச்சத்தில் கறுப்பாக நிற்கிறது. கார்த்திகையில் தீபம் எரியும் உச்சியில் இப்போது ஒன்றும் இல்லை.

"தாத்தா, இப்ப போட்டுக்கலாமா?"

"போட்டுக்கோ. பனி விழுது பாரு."

பையன் தொப்பியைத் திருப்பிப் பார்க்கிறான். பிறகு தாத்தாவின் வழுக்கைத் தலையைப் பார்க்கிறான். எட்டி, தன் தொப்பியை அவர் தலையில் வைத்துவிட்டு ஓடுகிறான். பின்பக்கமாகத் திரும்பிய கிரிக்கெட் தொப்பியோடு தாத்தா சிரித்துக்கொண்டே நடக்கிறார். அடுத்து வாயு லிங்கம்.

போகிறவர்களுக்கு

சென்னையிலிருந்து திருவண்ணாமலை சுமார் 190 கிலோமீட்டர். விழுப்புரம் - காட்பாடி ரயில் பாதையிலும் வரலாம். கிரிவலம் நடக்க முடியாதவர்கள் ஊரிலிருந்து ஆட்டோவிலேயே அடி அண்ணாமலை போய்வரலாம். கூட்டம் பிடிக்காதவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் காலையில் போங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு மாணிக்கவாசகர் கோயிலையும் மறக்காமல் பாருங்கள். பகல் வெயிலில் பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம். வாசலில் மட்டும் அவர்களாகவே கழற்றட்டும்.